மதுரையின் குற்றப் புள்ளிவிவரங்களைப் படிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் குற்றம் கூடிவிட்டதா, குறைந்திருக்கிறதா என்ற விவாதம் தேநீர்க் கடையிலிருந்து மாமன்றக் கூட்டம் வரை நடக்கிறது. இரு தரப்பினரும் ஏதாவதோர் அரசு எண்ணை எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த எண் எந்த ஆண்டுக்கு உரியது, எந்த எல்லைக்குள் எடுக்கப்பட்டது, எதை எண்ணியது, எதை எண்ணாமல் விட்டது என்பதைப் பெரும்பாலும் இருவருமே சொல்வதில்லை. குற்றம், காவல்துறை, மக்களின் இடப்பெயர்வு ஆகியவை பற்றிய அரசுப் புள்ளிவிவரங்களை முதன்முறையாகக் கையாளப் போகும் இதழியல், சட்டம், சமூகப்பணி மாணவர்களுக்காகவும், வார்டு உறுப்பினர்களுக்காகவும், குடியிருப்போர் நலச் சங்கத்தினருக்காகவும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: குற்றப் புள்ளிவிவரம் என்பது நடந்த குற்றங்களின் கணக்கு அன்று, காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் கணக்கு.

முதல் வேலை: கேள்வியைச் சுருக்குவது

“மதுரை பாதுகாப்பான ஊரா?” என்ற கேள்விக்கு எந்த அட்டவணையிலும் விடை கிடைக்காது. “மதுரை மாநகரக் காவல் எல்லையில் 2019க்கும் 2023க்கும் இடையில் பதிவான சங்கிலிப் பறிப்பு வழக்குகள் எத்தனை?” என்று கேட்டால் விடை தேடத் தொடங்கலாம். குற்றத்தின் வகை, காலம், எல்லை ஆகிய மூன்றும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்தக் கேள்வியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

எண் பிறக்கும் இடம்

தெப்பக்குளம் பக்கம் மாலையில் நடந்து போன ஒரு பெண்மணியின் கழுத்திலிருந்த சங்கிலியை இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் பறித்துச் சென்றார்கள் என்று கொள்வோம். அவர் காவல் நிலையத்துக்குச் சென்று மனு எழுதிக் கொடுக்கிறார். அங்கே இரண்டில் ஒன்று நடக்கும். மனு சி.எஸ்.ஆர். என்னும் சமூகப் பணிப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு ரசீது தரப்படலாம், அல்லது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட்டு அதற்கு ஒரு குற்ற எண் தரப்படலாம். இரண்டும் முத்திரையும் கையொப்பமும் உள்ள தாள்கள் என்பதால், மனுக் கொடுத்தவர்களில் பலருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆனால், புள்ளிவிவரத்தைப் பொறுத்தவரை சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோன சம்பவம் நடக்கவே இல்லை. முதல் தகவல் அறிக்கையாகப் பதிவானது மட்டுமே மாநகர அல்லது மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும், அங்கிருந்து சென்னையில் உள்ள மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும், இறுதியாக தில்லியில் உள்ள தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் போய்ச் சேர்கிறது.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம் என்பதையும் மின்னணு வழியில் தகவல் தரலாம் என்பதையும் இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், எல்லாப் புகாரும் வழக்காக மாறுவதில்லை. எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்பதற்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. இருசக்கர வாகனம் திருடுபோனால், காப்பீட்டுத் தொகை பெற முதல் தகவல் அறிக்கை தேவை. ஆகவே உரிமையாளர் விடாமல் கேட்டுப் பெறுகிறார். கைப்பேசி தொலைந்தால் பலருக்கு ரசீதே போதுமானதாக இருக்கிறது. கொலையை மறைப்பது கடினம். வீட்டுக்குள் நடக்கும் வன்முறை நிலையத்துக்கு வருவதே அரிது. எனவே கொலை, வாகனத் திருட்டு ஆகியவற்றின் எண்கள் உண்மைக்கு ஓரளவு அருகில் இருக்கும். மற்றவற்றை எடுத்தாளும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

குற்ற எண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஜனவரி முதல் நாள் 1 என்று தொடங்கி, ஆண்டு முழுவதும் வரிசையாக எண் ஏறிக்கொண்டே போகும். டிசம்பர் கடைசியில் ஒரு நிலையத்தின் குற்ற எண் 800ஐத் தொட்டிருந்தால், அங்கே 800 குற்றங்கள் நடந்தன என்று செய்தி எழுதிவிடக் கூடாது. காணாமல் போனவர் பற்றிய புகாருக்கும், இயற்கைக்கு மாறான மரணம் பற்றிய விசாரணைக்கும் தமிழ்நாட்டில் அதே வரிசையிலேயே எண் தரப்படுகிறது. குடும்பத்தோடு கோபித்துக்கொண்டு போய் மறுநாளே திரும்பி வந்த இளைஞர் ஒருவரும் அந்த 800இல் இருக்கலாம்.

எந்த ஆவணத்தை எடுப்பது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986இல் அமைக்கப்பட்டது. “இந்தியாவில் குற்றம்” என்னும் ஆண்டறிக்கை அதற்கும் முன்பே, 1953ஆம் ஆண்டிலிருந்து வெளிவருகிறது. இதைத் தவிர, விபத்து மரணங்களுக்கும் தற்கொலைகளுக்கும் ஓர் அறிக்கையும், சிறைகளுக்கு ஓர் அறிக்கையும் தனித்தனியே உண்டு. காவலர் எண்ணிக்கை, காலிப் பணியிடங்கள், வாகனங்கள், பெண் காவலர் விகிதம் போன்றவை வேண்டுமானால், 1970இல் நிறுவப்பட்ட காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்தின் ஆண்டுத் தொகுப்பைப் பார்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடம், உண்மையில் பணியில் இருப்போர் என்று அதில் இரண்டு எண்கள் இருக்கும். செய்திகளில் பெரும்பாலும் முதல் எண்தான் வருகிறது. ஆனால் தெருவில் நிற்கும் காவலரைக் குறிப்பது இரண்டாவது எண்.

தமிழில் படிக்க விரும்புவோருக்கு மிகப் பயனுள்ள ஆவணம், காவல்துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு. ஆதாயக் கொலை, கூட்டுக்கொள்ளை, கொள்ளை, கன்னக்களவு, திருட்டு என்று காவல்துறை தன் நடைமுறையில் பயன்படுத்தும் அதே தலைப்புகளில் வழக்குகளின் எண்ணிக்கையும், மீட்கப்பட்ட சொத்தின் மதிப்பும் அதில் இருக்கும். அரசு தன் பணியைச் சபையில் எடுத்துரைக்கும் ஆவணம் அது என்பதால், எந்த ஆண்டை எந்த ஆண்டோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

காலதாமதத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுக்கான தேசிய அறிக்கை 2023 டிசம்பரிலும், 2023ஆம் ஆண்டுக்கானது 2025 செப்டம்பரிலும் வெளிவந்தன. “அண்மைய அரசுப் புள்ளிவிவரம்” என்று ஒருவர் சொன்னால், அது எந்த ஆண்டின் நிலவரம் என்று உடனே கேட்டுவிடுவது நல்லது.

அட்டவணையில் மதுரை எங்கே இருக்கிறது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். காவல் நிர்வாகத்தில் மதுரை ஒன்றல்ல, இரண்டு. மாநகரம் காவல் ஆணையரின் கீழ் இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் உள்ளிட்ட சுற்றுவட்டாரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் இருக்கிறது. தேசிய அறிக்கையின் மாவட்டவாரி அட்டவணைகளில் இவை இரண்டும் தனித்தனி வரிசைகளாக வரும். மதுரை ரயில்வே சந்திப்பின் நடைமேடையில் நடந்த திருட்டு இந்த இரண்டு வரிசைகளிலுமே இருக்காது. அது ரயில்வே காவல்துறையின் கணக்கில் போய்விடும். போதாக்குறைக்கு, தென்மண்டல ஐ.ஜி. அலுவலகமும் மதுரையில்தான் இருக்கிறது. “மதுரையில் காவல்துறை அறிவிப்பு” என்று வெளியாகும் எண் சில நேரம் தென் மாவட்டங்கள் அனைத்துக்கும் சேர்த்த எண்ணாக இருக்கும்.

பெருநகரங்களுக்கான அட்டவணையைத் திறந்து மதுரையைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். “இந்தியாவில் குற்றம்” அறிக்கை இப்போது 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 நகரங்களை மட்டுமே அந்த வரிசையில் வைக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோயம்புத்தூரும் மட்டும் அதில் உள்ளன. ஆனால் விபத்து, தற்கொலை அறிக்கை 53 நகரங்களை எடுத்துக்கொள்வதால் அதில் மதுரை இருக்கிறது. பெருநகர அட்டவணையில் மதுரையின் பெயர் இல்லை என்பதை வைத்து, “நாட்டின் குற்ற நகரங்கள் பட்டியலில் மதுரை இடம்பெறவில்லை” என்று யாராவது பெருமைப்பட்டால் அதற்குப் பொருளே இல்லை.

எதால் வகுப்பது

வழக்குகளின் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வதே குற்ற விகிதம். வகுக்கும் எண் மாறினால் விடையும் மாறும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகை 10,17,865. புறநகர்களைச் சேர்த்த நகரத் தொகுதியின் மக்கள்தொகை 14,65,625. மாவட்டம் முழுவதும் 30,38,252. ஓர் ஆண்டில் 300 வழக்குகள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், முதல் எண்ணால் வகுக்கும்போது விகிதம் சுமார் 29.5, இரண்டாவதால் 20.5, மூன்றாவதால் 9.9. ஒரே 300 வழக்குகள் மூன்று வெவ்வேறு ஊர்களைப் போலத் தோன்றுகின்றன. ஆணையரக எல்லை வேறு, மாநகராட்சி எல்லை வேறு, கணக்கெடுப்பின் நகரத் தொகுதி வேறு என்பதால், எந்த எல்லையின் வழக்குகளோ அதே எல்லையின் மக்கள்தொகையை எடுக்க முயல வேண்டும். அது கிடைக்காத இடத்தில் விகிதத்தையே சொல்லாமல், வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்வது நேர்மையானது.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், தேசிய அறிக்கையே கணித்துப் பெறப்பட்ட மக்கள்தொகையைத்தான் பயன்படுத்துகிறது. அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் முடிவுகள் வந்தபின், பழைய விகிதங்களைப் புதியவற்றோடு நேராக ஒப்பிட இயலாத நிலை வரும். பட்டியல் சாதியினருக்கு எதிரான வன்கொடுமைகளின் விகிதம் 2011இல் கணக்கெடுக்கப்பட்ட பட்டியல் சாதி மக்கள்தொகையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது என்பதால், அந்த அட்டவணையை மொத்த விகிதத்தோடு சேர்த்து வைத்துப் பேசக் கூடாது.

மதுரைக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருவோரும், சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது கூடுவோரும், உயர் நீதிமன்றக் கிளைக்கும் அரசு இராசாசி மருத்துவமனைக்கும் பல மாவட்டங்களிலிருந்து வருவோரும் வகுக்கும் எண்ணில் இல்லை. அவர்கள் பறிகொடுத்த நகை மட்டும் வகுபடும் வழக்குகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

ஆண்டை ஆண்டோடு ஒப்பிடும் முன்

நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 2019இல் சுமார் 51.5 லட்சமாக இருந்து, 2020இல் சுமார் 66 லட்சமாக, அதாவது 28 விழுக்காடு உயர்ந்தன. தமிழ்நாட்டில் அதே காலத்தில் சுமார் 4.5 லட்சத்திலிருந்து 13.7 லட்சத்துக்கும் மேலாக உயர்ந்தன. மக்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டில் குற்றம் மூன்று மடங்காகிவிடவில்லை. ஊரடங்கை மீறியதற்காக, அரசு ஊழியரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை என்னும் பிரிவின் கீழ் போடப்பட்ட வழக்குகளே அந்த ஏற்றத்துக்குப் பெரும் காரணம். எனவே 2020ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்ட எந்த ஒப்பீட்டையும் ஏற்க வேண்டாம். அந்த ஆண்டிலிருந்து அளந்தால் அடுத்து வரும் எல்லா ஆண்டும் குற்றம் குறைந்ததாகவே காட்டும்.

இரண்டாவது முறிவு 2024 ஜூலை 1. அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. கொலைக்கான தண்டனைப் பிரிவு 302இலிருந்து 103 ஆனது. நமது எடுத்துக்காட்டான சங்கிலிப் பறிப்பு இங்கேதான் முக்கியமான மாற்றத்தைச் சந்திக்கிறது. பழைய சட்டத்தில் பறிப்புக்கென்று தனிப் பிரிவு இல்லாததால், சம்பவத்தின் தன்மையைப் பொறுத்தும் அதிகாரியின் முடிவைப் பொறுத்தும் அது திருட்டாகவோ கொள்ளையாகவோ பதிவாகி வந்தது. புதிய சட்டத்தின் 304ஆவது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே இனிவரும் அட்டவணைகளில் திருட்டு குறைந்து பறிப்பு கூடியதாகத் தோன்றினால், தெருவில் எதுவும் மாறாமலேயே அது நிகழ்ந்திருக்கலாம். 2024ஆம் ஆண்டுக்கு இரண்டு சட்டங்களின் எண்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

முதன்மைக் குற்ற விதி என்று ஒன்றும் உண்டு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல பிரிவுகள் இருந்தால், மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றத்தின் கீழ் மட்டுமே அந்த வழக்கு எண்ணப்படும். வீடு புகுந்து நகையை எடுத்துக்கொண்டு முதியவரைக் கொன்றார்கள் என்றால், அது கொலைக் கணக்கில் மட்டும் சேரும். கன்னக்களவுக் கணக்கில் வராது.

உயர்வு எப்போதும் கெட்ட செய்தியா

கஞ்சா, மதுவிலக்கு, சூதாட்ட வழக்குகளில் புகார்தாரர் பெரும்பாலும் காவல்துறையே. சோதனை நடத்தினால் வழக்கு கூடும், நடத்தாவிட்டால் குறையும். அந்த எண்கள் காவல்துறையின் செயல்பாட்டை அளக்கின்றனவே தவிர, ஊரில் புழங்கும் போதைப்பொருளின் அளவைக் காட்டுவதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வழக்குகள் உயரும்போது, குழந்தைகளும் பெற்றோரும் துணிந்து புகார் தரத் தொடங்கியிருக்கிறார்கள் என்ற பொருளும் அதில் இருக்கலாம்.

பதிவாகாத பகுதியைக் காண வேறு வகை ஆய்வு வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வு காவல் நிலையத்தை நம்பாமல் வீடு வீடாகச் சென்று பெண்களிடமே கேட்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினார்கள். நாட்டளவில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். காவல் நிலையத்தை அடைந்தவர்கள் அந்த 14 விழுக்காட்டிலும் ஒரு சிறு பகுதியினர்தாம். காவல்துறை அட்டவணையில் ஒரு மாவட்டத்தில் குடும்ப வன்முறை வழக்கு குறைவாக இருக்கிறது என்பதைப் பார்த்து மகிழ்வதற்கு முன், இந்த இரண்டு எண்களையும் நினைவில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தண்டனை விகிதத்தைப் பற்றிச் சுருக்கமாக: அது பதிவான வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்பதல்ல, விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்பது. நீதிமன்றத்தில் தேங்கிக் கிடப்பவை அந்தக் கணக்கிலேயே வராது.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் பற்றிய எண்கள்

இந்தப் பகுதியில் தவறு செய்தால் பாதிக்கப்படுவது மனிதர்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது எழுந்த அச்சத்தை நாம் பார்த்தோம். “வடமாநிலத்தவர் வந்ததால் குற்றம் கூடிவிட்டது” என்ற எதிர்த்திசைப் பேச்சும் அடிக்கடி கேட்கிறது. குற்ற அறிக்கையின் அட்டவணைகள் இதற்கு விடை தருவதில்லை. சிறைப் புள்ளிவிவர அறிக்கை மட்டுமே, டிசம்பர் 31ஆம் நாள் நிலவரப்படி, கைதிகள் அதே மாநிலத்தவரா, வேறு மாநிலத்தவரா, வெளிநாட்டவரா என்று பிரித்துக் காட்டுகிறது. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பிணை கிடைத்தாலும், சொந்த ஊரில் இருப்பவருக்கு உறவினர் இருவர் வந்து ஜாமீன் கையெழுத்துப் போடுவார்கள். ஒடிசாவிலிருந்து வந்து கப்பலூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவருக்கு அப்படி யாரும் இல்லாததால் அவர் உள்ளேயே இருந்துவிட நேரும். ஒரு நாள் நிலவரத்தை எடுக்கும் கணக்கில், நீண்ட நாள் உள்ளே இருப்பவரே அதிகம் தென்படுவார்.

இடம்பெயர்ந்தோர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு யாரைச் சொல்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2011இல் நாட்டில் சுமார் 45 கோடிப் பேர் அப்படிக் கணக்கிடப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரிய பிரிவினர் திருமணத்தால் ஊர் மாறிய பெண்கள். மேலூரில் பிறந்து திருமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணும் அந்தக் கணக்கில் இடம்பெயர்ந்தவரே. வேலை தேடி வந்தோரின் எண்ணிக்கை வேண்டுமானால், இடப்பெயர்வுக்கான காரணம், முந்தைய வசிப்பிடம் ஆகியவற்றைத் தரும் அட்டவணைகளுக்குள் போக வேண்டும்.

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பதால், மதுரையில் வெளிநாட்டவர் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. சட்டப்படி அவர்கள் வெளிநாட்டவர். ஆனால் முகாம்களில் பதிவு செய்துகொண்டு பல்லாண்டுகளாக இங்கேயே வாழ்பவர்கள், இங்கேயே பிறந்தவர்களும் அவர்களில் உண்டு. வெளிநாட்டவர் தொடர்பான சட்டத்தின் கீழ் பதிவாகும் வழக்கு என்பது பெரும்பாலும் ஆவணம், விசாக்காலம் பற்றியது. 1946ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அதன் சில விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆவண வழக்குகளைத் திருட்டு, அடிதடி வழக்குகளோடு கூட்டி “வெளிநாட்டவர் குற்றம்” என்று ஒரே எண்ணாகத் தருவது பெரும் அநீதி.

இங்கிருந்து வெளியே போவோர் கணக்கும் இப்படிப்பட்டதே. குடியகல்வு அனுமதி எண்கள், பத்தாம் வகுப்புத் தேறாமல் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவோரையே பெரிதும் குறிக்கின்றன. தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு 2015இல் வீடு வீடாகக் கேட்டபோது, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாடுகளில் இருப்பதாகத் தெரியவந்தது.

கிடைக்காததைக் கேட்டுப் பெறுவது

நமது சங்கிலிப் பறிப்புக் கேள்விக்கு வெளியீடுகளில் முழு விடை கிடைக்காது. ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 6ஆவது பிரிவின் கீழ் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுத வேண்டும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. “ஏன் குற்றம் பெருகுகிறது?” என்று கேட்டால் பதில் வராது, ஏனெனில் ஆவணத்தில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். “2019 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் காவல் நிலையவாரியாகச் சங்கிலிப் பறிப்பு தொடர்பாகப் பதிவான முதல் தகவல் அறிக்கைகளின் எண்ணிக்கை, அவை பதிவான சட்டப் பிரிவுகள், குற்றப்பத்திரிகை தாக்கலானவற்றின் எண்ணிக்கை” என்று கேளுங்கள். கூடவே, அதே ஆண்டுகளில் சங்கிலிப் பறிப்பு மனுக்களுக்குத் தரப்பட்ட சி.எஸ்.ஆர். ரசீதுகளின் எண்ணிக்கையையும் கேட்டுவிடுங்கள். இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பதிவாகாமல் போனதன் அளவு புலப்படத் தொடங்கும்.

முப்பது நாள்களில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ அடுத்த முப்பது நாள்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், பிறகு தொண்ணூறு நாள்களுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கும் போகலாம். ஊரக எல்லைக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் தனி மனு கொடுக்க வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பும் பொறுப்பு அவர்களுடையது. பதில் கைக்கு வந்ததும், அதன் தேதியையும் கடித எண்ணையும் குறித்துக்கொண்டு, உங்கள் கட்டுரையில் எண் வரும் அதே வாக்கியத்திலேயே ஆண்டு, எல்லை, எண்ணப்பட்ட சட்டப் பிரிவு மூன்றையும் எழுதிவிடுங்கள்.